துவான்வூ: கவிஞரின் நாளா, காப்பு நாளா?

வெண்ணாறு:
சீனச் சந்திர நாள்காட்டியில் ஐந்தாம் மாதம் ஐந்தாம் நாள் துவான்வூ, அதாவது டிராகன் படகுத் திருநாள். கி.மு. 278-இல் தன் நாட்டின் தலைநகர் சின் நாட்டுப் படையிடம் விழுந்ததும் கவிஞர் சூ யுவான் மிலுவோ ஆற்றில் உயிர்விட்டார், மீன்கள் உடலைத் தொடாதிருக்க மக்கள் சோறு வீசினார்கள், அதுவே இன்று இலையில் பொதிந்து வேகவைக்கும் சோறான சோங்ஸி என்று எல்லாரும் எழுதுகிறார்கள். என் கட்சி வேறு. இது நோய்க்கு அஞ்சி எடுத்த காப்பு. வெயிலும் ஈரமும் ஏறும் அந்த மாதத்தையே நச்சு மாதம் என்றார்கள். பாம்பு, தேள், பூரான், தேரை, பல்லி ஆகிய ஐந்தையும் விரட்டத்தான் வாசலில் மாசிபத்திரியும் வசம்பும் கட்டினார்கள். நம் வீடுகளில் கைக்குழந்தைக்குக் கட்டும் அதே வசம்பு! பிள்ளைகள் கையில் ஐந்து நிறக் கயிறு கட்டி, அடுத்து வரும் முதல் மழையில் அறுத்து எறிவார்கள். நகரங்களில் தேய்ந்துபோனது இந்தப் பகுதிதான். எனக்கு வருத்தமே அதில்தான்.

இளவேனில்:
கவிஞருக்கு முன்பே அந்த நாள்மீது அச்சம் இருந்ததற்கு என்ன சான்று?

வெண்ணாறு:
சூ யுவான் காலத்துப் பிரபு மெங்சாங் பிறந்தது அதே நாளில். ஆகாத பிள்ளை, வளர்க்காதே என்றார் தகப்பன். தாய்தான் மறைத்து வளர்த்தாள். வரலாற்றாசிரியர் சிமா சியென் எழுதிய நூலில் இது இருக்கிறது.

இளவேனில்:
சிமா சியென் எழுதியது கி.மு. 100-ஐ ஒட்டி. இருநூறு ஆண்டு கழித்து எழுதியதை வைத்து எப்படி உறுதியாகச் சொல்வீர்கள்?

வெண்ணாறு:
சரி, அதே நூலில் சூ யுவான் வரலாறும் இருக்கிறதே. கல்லை அணைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தார் என்று வருகிறது, எந்த நாள் என்று ஒரு சொல்கூட இல்லை. சுசோ பக்கம் இதே நாளை பழங்கால அமைச்சர் வூ சிஷூவுக்கு உரியது என்கிறார்கள். சாவ்ஷிங் பக்கம், தந்தையின் உடலைத் தேடி ஆற்றில் குதித்த சாவ் ஒ என்ற பெண்ணுக்கு. நாள் முதலில் இருந்தது, ஊருக்கு ஒரு கதை அப்புறம் வந்து சேர்ந்தது.

மதில்மேல்:
நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே அன்று பொது விடுமுறை கிடையாது, ஆனாலும் கடைகளில் சோங்ஸி குவிகிறது. சீன நண்பர்கள் வீட்டு வாசலில் இலை எதையும் பார்த்ததில்லை.

இளவேனில்:
வெண்ணாறு, கதை பின்னால் வந்தது என்றே வைத்துக்கொள்வோம். அந்தக் கதை இல்லாவிட்டால் படகுப் போட்டி இத்தனை நூற்றாண்டு நின்றிருக்குமா? 2008-இல் சீன அரசு விடுமுறை அறிவித்தது, 2009-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் ஏறியது. நோய் பயம் குறைந்தபின் ஒரு நாளைத் தாங்க ஒரு மனிதர் வேண்டும். அப்புறம், அன்று குடித்த மது மனோசிலைப் பொடி கலந்தது. ஆர்சனிக்! குழந்தைகள் நெற்றியிலும் அதைப் பூசினார்கள். அந்த வழக்கம் தேய்ந்ததற்கு ஏன் வருந்த வேண்டும்?

வெண்ணாறு:
மனோசிலைக்கு நான் வாதாடவே இல்லை, அது ஒழியட்டும். கயிற்றிலும் மாசிபத்திரியிலும் என்ன நஞ்சு? யுனெஸ்கோ பதிவிலேயே வெறும் படகும் சோறும் இல்லை, மாசிபத்திரி கட்டுவதும் ஐந்து நிறப் பட்டு அணிவதும் உண்டு. அவற்றைப் பிள்ளைகளுக்குக் காட்டாமல் கவிஞரை மட்டும் சொல்லிக்கொடுப்பது எனக்கு ஏற்பில்லை.

இளவேனில்:
காட்டட்டும், தடுக்கவில்லை. ஆனால் கவிஞரை இரண்டாம் இடத்துக்குத் தள்ள நான் சம்மதிக்க மாட்டேன்.