பொது நிர்வாகம் படித்தவர்களே, இன்னும் மனதை விட்டுப் போகாத ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள்

மூன்றாமாண்டு:
நானே ஆரம்பிக்கிறேன். ஐந்தாம் செமஸ்டர் இன்டர்ன்ஷிப், ஓர் அரசு அலுவலகத்தில் கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து குறிப்பெடுக்கும் வேலை. ஒரு பெரியவர் வந்தார். யாரும் கேட்பதற்கு முன்பே காகிதங்களை வரிசையாக எடுத்து வைத்ததிலேயே பலமுறை வந்துபோனவர் என்று தெரிந்தது. எழுத்தர் புரட்டிப் பார்த்துவிட்டு, “கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை” என்று திருப்பிக் கொடுத்தார். பெரியவர் பேசவில்லை. வலது கையைத் தூக்கிக் காட்டினார், அது நடுங்கிக்கொண்டே இருந்தது. “நான் என்ன செய்ய ஐயா” என்றார் எழுத்தர். பெரியவர் விண்ணப்பத்தை நான்காக மடிக்கப் பார்த்தார், மடிப்பு கோணலாக விழுந்தது, பிரித்து மறுபடி மடித்தார்.

அதற்கு முந்தின வாரம்தான் சமூகவியலாளர் மெர்ட்டன் பற்றித் தேர்வு எழுதியிருந்தேன். குறிக்கோளை அடைவதற்காக வந்த விதியே கடைசியில் குறிக்கோளாகிவிடும் என்று 1940இல் அவர் சொன்னதை எழுதி 15க்கு 13 வாங்கியவள், அங்கே வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

மாலைக்கல்லூரி:
எழுத்தரை அப்படி நிற்க வைத்துக் கேட்காதீர்கள். நான் கவுன்ட்டரில் வேலை பார்த்துக்கொண்டே மாலையில் படித்தவன். சேர்ந்த புதிதில், பாவம் என்று ஒரு கையெழுத்தை ஏற்றுக்கொண்டேன். போட்டது வேறு ஆள். தணிக்கையில் என் பெயருக்குக் கேள்வி வந்தது, பதில் எழுதியே மாதங்கள் போயின, அதுகூடப் பரவாயில்லை. உண்மையான உரிமைக்காரர், வயதான அம்மா, என் மேசைக்கு எதிரே நின்று, “தம்பி, என் முகத்தை நீங்கள் பார்த்தீர்களா?” என்று மட்டும் கேட்டார். ஜெர்மன் சமூகவியலாளர் வெபர் சொன்ன ஆள்பார்க்காத விதி கல்நெஞ்சம் என்று வகுப்பில் எல்லோரும் பேசும்போது எனக்கு அந்த அம்மாதான் நினைவுக்கு வருவார். தெரிந்தவருக்கு ஒன்று, தெரியாதவருக்கு ஒன்று என்று நடக்காமல் இருக்கத்தானே அந்த விதி.

முதுகலைமுடித்தவர்:
இரண்டு பேர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. என்னுடையது சின்னது. பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு பிரிவு, கை நீட்டினால் தொடலாம். ஒரு கோப்பு இந்த மேசையிலிருந்து மேலே போய், அந்தப் பிரிவின் தலைவர் வழியாகக் கீழே வந்து, அடுத்த மேசைக்குச் சேர ஒன்பது நாள். நிர்வாகக் கோட்பாடுகளை வகுத்த ஃபேயோல் 1916லேயே இதற்குப் பாலம் போட்டுக் காட்டிவிட்டார், மேலதிகாரிகள் சம்மதித்தால் ஒரே நிலையில் இருப்பவர்கள் நேரடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று. அந்த ஒன்பது நாளும் அந்த இருவரும் ஒன்றாகத்தான் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

இப்போது படிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். திட்டமிடுதல் முதல் வரவுசெலவுத் திட்டம் வரை ஏழு வேலைகளைக் குறிக்கும் ஆங்கில எழுத்துச் சுருக்கமான போஸ்ட்கார்பை எழுத்து எழுத்தாக மனப்பாடம் செய்துவிட்டு நிறுத்தாதீர்கள். கூலிக் 1937இல் அதைக் கொடுத்தது ஒரு தலைமை நிர்வாகி என்ன வேலை செய்கிறார் என்ற கேள்விக்குப் பதிலாக, கவுன்ட்டரில் இருப்பவரின் நாள் அதில் இல்லை. கூடவே சைமனையும் படியுங்கள். 1946இல் அவர் நிர்வாகக் கோட்பாடுகளைப் பழமொழிகளோடு ஒப்பிட்டார், ஒன்று சொன்னால் அதற்கு எதிரானதும் தயாராக இருக்கும். நமக்குத் தெரியாததா, ‘பதறாத காரியம் சிதறாது’ என்போம், ‘அலை எப்போது ஓய, தலை எப்போது முழுக’ என்றும் கேட்போம். ஒரு மேலாளரின் கீழ் ஆட்கள் குறைவாக இருக்க வேண்டும் என்பது ஒரு கோட்பாடு, மேலிருந்து கீழ்வரை படிகள் குறைவாக இருக்க வேண்டும் என்பது இன்னொன்று, ஒரே அலுவலகத்தில் இரண்டையும் செய்து பாருங்கள், முட்டிக்கொள்ளும். விடைத்தாளில் இந்த முரணை எழுதுங்கள். அப்புறம் லிப்ஸ்கி, 1980. கவுன்ட்டரில் இருப்பவர் எடுக்கும் முடிவுதான் மக்களுக்குக் கிடைக்கும் கொள்கை என்றார். அவரைப் படித்துவிட்டு இன்டர்ன்ஷிப் போனால் எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியும். முடிந்தால் முதல் வாரம் முழுக்க உள்ளே உட்காராமல் வரிசையில் நில்லுங்கள்.

மேலாண்மைப்பிரிவு:
வரிசையில் நின்றால் மட்டும் போதாது என்பேன், ஏனென்றால் நாம் நிற்பதே அங்கே எதையோ மாற்றிவிடுகிறது. டெய்லர் பாணியில் நேர ஆய்வு, அதுதான் என் புராஜெக்ட். ஸ்டாப்வாட்சோடு ஒரு பெண் ஊழியரின் பக்கத்தில் மூன்று நாள் நின்றேன். ஒரு விண்ணப்பத்துக்கு நான்கு நிமிடம் என்று சராசரி வந்தது, சந்தோஷமாகக் குறித்துக்கொண்டேன். மூன்றாம் நாள் மாலை, “தம்பி, நாளையும் வருவீர்களா? நீங்கள் நிற்கிறீர்களே என்று தண்ணீர்கூடக் குடிக்காமல் உட்கார்ந்திருக்கிறேன்” என்றார். கவனிக்கப்படுகிறோம் என்பதே ஊழியர்களை மாற்றிவிடும் என்று பேசவைத்த, அமெரிக்காவின் ஹாதார்ன் ஆலையில் 1924 முதல் 1932 வரை நடந்த ஆய்வுகளை இரண்டு பக்கம் எழுதத் தெரிந்த எனக்கு, அந்த மூடியே திறக்காத தண்ணீர் பாட்டில் மூன்று நாளும் கண்ணில் படவில்லை. அந்த நான்கு நிமிடத்தை மாற்றாமலே அறிக்கையில் கொடுத்துவிட்டேன்.

மூன்றாமாண்டு:
மாலைக்கல்லூரி அண்ணா, அந்த அம்மாவின் கேள்வியை இனி நானும் மறக்க மாட்டேன். ஆனால் நான் விதியை மீறச் சொல்லவில்லை. கையெழுத்துப் போட முடியாதவர்கள் அதிகாரி முன்னிலையில் பெருவிரல் ரேகை வைக்கலாம் என்று அங்கே ஒரு சுற்றறிக்கையே இருந்தது. கடைசி நாள் பையை எடுக்கத் திரும்பியபோதுதான் பார்த்தேன், ஒரு மாதமாக நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், சுவரில் ஒட்டியிருந்தது. அந்தப் பெரியவர் அதற்குப் பிறகு வரவேயில்லை.