பழைய ஜீ.ஐ. குழாய்கள்: ஒழுகும் இடத்தை மட்டும் மாற்றுவதா, முழு வீட்டையும் மாற்றுவதா?

பாமன்கடைவாசி எழுதியது:

வணக்கம். கொழும்பு, பாமன்கடையில் உள்ள எங்கள் வீட்டை 1967இல் என் பாட்டனார் கட்டினார். கீழ்த்தளம் அன்று கட்டியபடியே இருக்கிறது. மேல்மாடியை 1993இல் எழுப்பினோம். கீழே ஓடும் தண்ணீர்க் குழாய்கள் அனைத்தும் சுவருக்குள் புதைத்த ஜீ.ஐ., அதாவது நாகம் பூசிய இரும்புக் குழாய்கள். மேலே பீ.வீ.சீ. பிளாஸ்டிக் குழாய் போட்டிருக்கிறார்கள்.

கடந்த ஆறு மாதங்களாகக் காலையில் குசினிப் பைப்பைத் திறந்தால் முதல் அரை வாளித் தண்ணீர் பிளேன்டீ நிறத்தில் வருகிறது. குசினிக்கும் கீழ்க் குளியலறைக்கும் இடைப்பட்ட சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம் ஏறி, பெயின்ட் அப்பளம்போலப் பொங்கி உதிர்கிறது. முன்பு மாதத்துக்கு 22 அலகு (ஓர் அலகு 1,000 லீற்றர்) அளவில் இருந்த நீர்ப் பாவனை இப்போது 33 அலகாகிவிட்டது. வீட்டில் ஆட்கள் கூடவில்லை. 2023 ஆகஸ்டில் கட்டணத்தை உயர்த்தியதிலிருந்து ஒவ்வோர் அலகும் கண்ணில் படுகிறது.

குழாய் வேலை செய்யும் இரண்டு பாஸ்மாரை அழைத்துக் காட்டினேன். முதலாமவர் ஈரம் உள்ள சுவரை மட்டும் உடைத்து, அந்தத் துண்டுக்குப் பீ.வீ.சீ. போட்டுத்தர 95,000 ரூபாய் கேட்டார். மற்றவர் மூன்று குளியலறைகளையும் குசினியையும் பின்வளவுத் தொட்டியையும் சேர்த்து முழுவதையும் மாற்றவேண்டும் என்று சொல்லி, டைல் வேலையுடன் 640,000 ரூபாய்க்கு எஸ்டிமேட் எழுதித் தந்தார். பன்னிரண்டு நாட்கள் ஆகுமாம். அம்மாவுக்கு 81 வயது. அவரை வைத்துக்கொண்டு அத்தனை நாட்கள் தண்ணீர் இல்லாமல் இருக்க முடியாது. இந்த வேலையைச் செய்வித்தவர்கள் எது சரியென்று சொன்னால் உதவியாக இருக்கும்.

கொட்டாஞ்சேனையான் எழுதியது:

நீங்கள் இப்போது நிற்கும் இடத்தில் நான் மூன்று வருடங்களுக்கு முன்னர் நின்றேன். முதலாவது பாஸின் வழியைத் தெரிவுசெய்தேன். ஒழுகிய துண்டை 28,000 ரூபாய் கொடுத்து மாற்றினேன். நான்கு மாதத்தில் அதே குழாய் எட்டு அடி தள்ளி ஒழுகியது, 35,000. அதையும் மாற்றியபின் குளியலறைச் சுவர் நனைந்தது, 41,000. பதினான்கு மாதங்களில் 104,000 ரூபாய் போனபின்தான், ஒரு துளையை அடைத்தாலும் அடுத்த பலவீனமான மூட்டு ஒழுகத் தொடங்கும் என்பது எனக்குப் புரிந்தது.

மூன்றாம் தடவை வெட்டி எடுத்த துண்டு ஒன்றை நான் இன்னும் வைத்திருக்கிறேன். வெளியே முக்கால் அங்குலக் குழாய். உள்ளே கறள் கட்டி கட்டியாக வளர்ந்து, ஒரு பென்சிலை நுழைக்கத்தான் இடம் இருக்கிறது. அதைக் கண்ட அன்றே முழுவதையும் மாற்ற முடிவெடுத்தேன்.

இரண்டு குளியலறைகளும் ஒரு குசினியும் உள்ள என் வீட்டுக்கு மொத்தம் 412,000 ரூபாய் சென்றது. குழாயும் பொருத்திகளும் 78,000; வால்வுகளும் பைப்புகளும் 46,000; பிளம்பருக்கு நாளொன்றுக்கு 5,500, உதவியாளுக்கு 3,500 என்று ஒன்பது நாட்களுக்கு 81,000. மிகுதி 207,000 ரூபாயும் சுவர் வெட்டியது, பூசியது, டைல் ஒட்டியது, பெயின்ட் அடித்தது ஆகியவற்றுக்குத்தான். பாதிக் காசு மேசனுக்குப் போன வேலையை நாம் குழாய் வேலை என்று அழைக்கிறோம். போதாததற்குப் பழைய டைலின் மாதிரி பழைய சோனகத் தெருவில் ஏறி இறங்காத கடை இல்லை என்னும் அளவுக்குத் தேடியும் கிடைக்காமல், என் குளியலறையின் ஒரு சுவரில் இடுப்புவரை வெள்ளை, அதற்கு மேல் இளம்பச்சை என்று நிற்கிறது. விருந்தினர் அதை டிசைன் என்று நினைக்கிறார்கள், நான் திருத்துவதில்லை.

ஆகவே 640,000 ரூபாய் எஸ்டிமேட்டில் சுவர் உடைக்கும் வேலை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள். குறைக்கக்கூடிய இடம் அதுதான்.

ஓய்வுபெற்ற தொ.உ. எழுதியது:

நான் நீர் வழங்கல் வேலைகளில் முப்பது வருடங்கள் தொழினுட்ப உத்தியோகத்தராக இருந்தவன். மேலே எழுதியவர் சொன்னதில் எனக்கு உடன்பாடே. ஆனால் எதையும் உடைப்பதற்கு முன்னர் ஒழுக்கு எந்தக் குழாயில் என்று கண்டுகொள்வது அவசியம்.

கொழும்புக்கு வரும் தண்ணீர் களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரிப்பதும், லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்து வருவதும் ஆகும். இது யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைப்போலச் சுண்ணாம்பு மிகுந்ததன்று. இங்கே குழாயை அடைப்பது கறள். ஜீ.ஐ. குழாயைக் காப்பது அதன்மேல் உள்ள நாகப் பூச்சு. மூட்டுக்காகக் குழாயின் முனையில் புரி வெட்டும்போது அந்தப் பூச்சு போய்விடுவதுடன் குழாயின் தடிப்பும் குறைகிறது. எனவேதான் குழாய் நடுவில் நன்றாக இருப்பதுபோலத் தோன்றினாலும் எல்போ, சொக்கட் போன்ற மூட்டுகளில் முதலில் ஒழுகும். உங்கள் வீட்டில் ஒரு மூட்டு போய்விட்டதென்றால், அதே நாளில், அதே கையால் புரி வெட்டிய மற்ற மூட்டுகளும் அதே வயதுடையவை.

சோதனை எளிது. இரவு எல்லாப் பைப்புகளையும் மூடி, தண்ணீர்த் தாங்கியின் மிதவை வால்வை மேலே தூக்கிக் கட்டிவிட்டு, மீட்டர் இலக்கத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். விடிய மீண்டும் பாருங்கள். இலக்கம் நகர்ந்திருந்தால் ஒழுக்கு மீட்டருக்கும் தாங்கிக்கும் இடையில், நீர் வழங்கல் சபையின் நேரடி அழுத்தம் உள்ள குழாயில் இருக்கிறது. நகராவிட்டால், தாங்கியின் நீர்மட்டத்தில் ஒரு கோடு போட்டு அதன் கீழிறங்கு குழாய்களைச் சந்தேகிக்கவேண்டும். மீட்டர்வரை வரும் குழாய் தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பொறுப்பு; அங்கே ஒழுக்கென்றால் 1939 இலக்கத்துக்கு அறிவித்தால் போதும். மீட்டருக்குப் பின்னால் உள்ளதெல்லாம் உங்கள் செலவு. மீட்டரின் முத்திரையில் மட்டும் எவரையும் கைவைக்க விடாதீர்கள்.

இனிச் செலவு. சுவருக்குள் புதைந்த பழைய குழாயைத் தோண்டி எடுக்கவேண்டிய தேவையே இல்லை. அதன் இரு முனைகளையும் வெட்டி, வடியவிட்டு, மூடியிட்டு, சுவருக்குள்ளேயே கிடக்க விடலாம். புதிய குழாயை வீட்டின் பின்சுவர் வழியாக வெளிப்புறத்தில் கிளிப் அடித்துக் கொண்டுசென்று, ஒவ்வொரு குளியலறைக்கும் நேராகத் துளையிட்டு உள்ளே எடுத்தால், உடைப்பது சில அடிகளோடு முடிந்துவிடும். பார்வைக்கு அழகில்லை என்பார்கள். பின்வளவில் யார் பார்க்கப்போகிறார்கள்? வெயில் நேரே படும் பீ.வீ.சீ. காலப்போக்கில் நொறுங்கும் தன்மை அடைவதால் அதன்மேல் பெயின்ட் பூசிவிடுங்கள். இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மை உண்டு: பழைய குழாய் வேலை செய்துகொண்டிருக்கும்போதே புதியதை அருகில் ஓட்டி, ஒட்டி, சோதித்து முடித்துவிட்டு, கடைசி நாளில் மட்டும் மாற்றிப் பொருத்தலாம். அம்மாவுக்கு ஒரு பகல்தான் தண்ணீர் இராது. அதற்கு இரண்டு பெரிய வாளிகள் போதும்.

வாங்கும்போது எஸ்.எல்.எஸ். 147 என்ற இலங்கைத் தர முத்திரையும் டைப் 1000 என்ற அழுத்த வகைக் குறியும் உள்ள குழாயைக் கேளுங்கள். கடையில் எல்லாவற்றையும் எஸ்லோன் என்று ஒரு கம்பனியின் பெயரால்தான் சொல்வார்கள். அரை அங்குலத்துக்கு 20 மில்லிமீற்றர், முக்காலுக்கு 25, ஓர் அங்குலத்துக்கு 32 என்று வெளிவிட்டத்தில் எழுதியிருக்கும். சுடுநீர்க் கருவியிலிருந்து வரும் குழாய்க்குச் சாதாரண பீ.வீ.சீ. கூடாது, சூட்டில் இளகி மூட்டு விட்டுவிடும்; அதற்குச் சூடாக்கி ஒட்டும் பீ.பீ.ஆர். பிளாஸ்டிக் குழாய் போடவேண்டும். தாங்கியிலிருந்து இறங்கும் முதன்மைக் குழாயை 32இல் தொடங்கி, கிளைகளை 25இல் எடுத்து, பைப்புக்குப் போகும் கடைசித் துண்டை மட்டும் 20இல் முடியுங்கள். பத்து மீற்றர் உயரத் தண்ணீருக்கு ஒரு பார் அழுத்தந்தான். உங்கள் தாங்கி மேல்மாடி ஷவருக்கு மூன்று மீற்றர் மேலே இருந்தாலும் கிடைப்பது 0.3 பார். குழாய் ஒடுங்கினால் அதுவும் வராது. அழுத்தம் போதவில்லை என்று சபையின் குழாயில் நேரே மோட்டர் பூட்டச் சொல்லும் பாஸ்மாரும் உண்டு, அது தடைசெய்யப்பட்டது.

ஒட்டுப்பசை இறுகுவதற்கு ஒரு நாள் விட்டு, கைப்பம்பால் அழுத்தம் ஏற்றி, அழுத்தமானியின் முள் ஒரு மணித்தியாலம் இறங்காமல் நிற்பதை உங்கள் கண்ணால் பார்த்தபின்னர்தான் சீமெந்து பூச விடவேண்டும். பூசிவிட்டால் அவருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.

எந்த எஸ்டிமேட்டிலும் எழுதப்படாத ஒரு விடயத்தைக் கடைசியாகச் சொல்கிறேன். அக்காலத்தில் கட்டிய சில வீடுகளில் மின்சாரத்துக்கான புவித்தொடுப்பை, அதாவது எர்த் கம்பியை, நிலத்துக்குள் போகும் தண்ணீர்க் குழாயிலேயே கட்டியிருப்பார்கள். இரும்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் போட்டால் முழு வீட்டுக்கும் எர்த் இல்லாமல் போகும். விளக்கு எரியும், மின்விசிறி சுழலும், ஆகவே எவருக்கும் தெரியவராது. சுடுநீர்க் கருவியிலோ சலவை இயந்திரத்திலோ மின் ஒழுக்கு ஏற்படும் நாளில்தான் தெரியும். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்று எண்ணி இதை விட்டுவிடவேண்டாம். குழாயை வெட்டுவதற்கு முன்னர் ஓர் எலக்ரீசியனை அழைத்துக் காட்டுங்கள்.

மாடிவீட்டு அக்கா எழுதியது:

வெள்ளவத்தையில் தொடர்மாடியில் இருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. எங்கள் வீட்டுக்குள் உள்ள குழாயை நாங்கள் மாற்றிக்கொள்ளலாம். எல்லா மாடிகளுக்கும் ஏறி இறங்கும் பெருங்குழாய் பொதுச் சொத்து, முகாமைத்துவக் குழுவிடம் எழுத்தில் அனுமதி பெறாமல் அதைத் தொட முடியாது. நான் கேட்காமல் தொடங்கி, அரை நாள் ஆறு வீடுகளுக்குத் தண்ணீர் நின்றுபோனதால் படியில் ஏறும்போதெல்லாம் பேச்சுக் கேட்டேன்.

பணம் கொடுக்கும் முறையும் முக்கியம். எனக்கு வேலை செய்தவர் முற்பணமாகப் பாதிக்கு மேல் வாங்கிக்கொண்டு இரண்டு வாரம் வரவேயில்லை. சாமான்களை நீங்களே வாங்கிக் கொடுத்து, கூலியை மூன்று பங்காக, கடைசிப் பங்கைச் சோதனைக்குப் பின்னர் கொடுங்கள். எஸ்டிமேட்டில் 18 சதவீத வற் வரி சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேளுங்கள். பிறகு பட்டியலில் அது தலைகாட்டினால் சண்டைதான்.

பாமன்கடைவாசி எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. ஐயா சொன்னபடி நேற்றிரவு பதினொரு மணிக்கு மிதவை வால்வைக் கட்டி, எல்லாவற்றையும் மூடிவிட்டுப் படுத்தேன். விடிய ஐந்து மணிக்கு மீட்டர் 84 லீற்றர் கூடியிருந்தது. ஆறு மணித்தியாலத்துக்கு 84 என்றால் நாளொன்றுக்கு 336. மாதத்துக்குப் பத்து அலகு. ஏறிய பாவனை ஏறத்தாழ அவ்வளவும் இதற்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே ஒழுக்கு மீட்டரிலிருந்து குசினிக்கும் தாங்கிக்கும் போகும் குழாயில்தான்.

இரண்டாவது பாஸை அழைத்து, பழையதைத் தோண்டாமல் பக்கத்து ஒழுங்கை வழியாகவும் பின்சுவர் வழியாகவும் வெளியே கொண்டுபோனால் என்ன ஆகும் என்று கேட்டேன். சற்று முகம் சுளித்தாலும் கணக்கை மாற்றி எழுதினார்: 365,000 ரூபாய், ஏழு நாட்கள். மீட்டரிலிருந்து குசினிக்கும் தாங்கிக்கும் போகும் குழாயை இந்த மாதமே செய்துவிட்டு, குளியலறைகளுக்கு இறங்கும் குழாய்களைச் சித்திரைக்குப் பின்னர் செய்யலாமா? கையில் உள்ள பணம் அதற்குத்தான் போதும்.

ஓய்வுபெற்ற தொ.உ. எழுதியது:

தாராளமாகச் செய்யலாம். துண்டு துண்டாக மாற்றுவதற்கும் இதற்கும் வேறுபாடு உண்டு. நீங்கள் மாற்றப்போவது தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுக் குழாய், நடுவில் பழைய இரும்போடு மூட்டு எதுவும் வராது. சபையின் அழுத்தம் தாங்குவதும் அந்தக் குழாய்தான். தாங்கியின் அடியில் இப்போதே 32 மில்லிமீற்றரில் இன்னொரு வெளிவாயிலை எடுத்து, வால்வு போட்டு மூடி வைக்கச் சொல்லுங்கள். சித்திரைக்குப் பின்னர் அங்கிருந்து தொடங்கலாம். எர்த்தைப் பார்த்தீர்களா?

பாமன்கடைவாசி எழுதியது:

இன்று எலக்ரீசியன் வந்தார். மீட்டருக்கு அருகில், குரோட்டன் செடிக்குப் பின்னால், நிலத்திலிருந்து வெளியே வரும் இரும்புக் குழாயின் கழுத்தில் பச்சைக் களிம்பேறிய செப்புக் கம்பி ஒன்று இரண்டு சுற்றுச் சுற்றிக் கட்டியிருந்தது. ஐம்பது வருடங்களுக்கு மேலாக அந்தச் செடிக்குத் தண்ணீர் ஊற்றியும் எங்களில் எவரும் அதைக் கண்டதில்லை. வியாழக்கிழமை புதிய புவித்தொடுப்புக் கோலை இறக்குகிறார். குழாய் வேலையைத் திங்கட்கிழமைக்குத் தள்ளி வைத்திருக்கிறேன்.