பழைய ஹைலக்ஸ் 2எல் எஞ்சின்: பிரித்துச் செய்வதா, வேறு எஞ்சின் இறக்குவதா?

கொக்கட்டிச்சோலையான்:
வணக்கம். எங்களிடம் இருப்பது 1991 ஆம் ஆண்டு டொயோட்டா ஹைலக்ஸ் பிக்கப், 2எல் என்கிற டீசல் எஞ்சின். அப்பா வாங்கினது. வட்டைக்கு விதைநெல், பசளை கொண்டு போவதும் அறுவடைக்கு மூட்டை இறக்குவதும் இதில்தான். இப்போது காலையில் ஸ்டார்ட் பண்ண நேரம் எடுக்கிறது. ஹீட்டர் பிளக் நான்கும் புதிது, பற்றரியும் நல்லது. ஸ்டார்ட் ஆனதும் நீலப் புகை. ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றினால் உள்ளிருந்து புகை குப்குப்பென்று தள்ளுகிறது. மண்முனைப் பாலத்தில் பாரத்தோடு மூன்றாம் கியரில் ஏறின வண்டி இப்ப இரண்டாம் கியர் கேட்கிறது. ரேடியேட்டரில் தண்ணீர் குறையவில்லை.

கராஜில் காட்டினேன். இதைப் பிரிச்சு வேலையில்லை, ஜப்பானிலிருந்து வந்த, கொஞ்சம் பெரிய 3எல் எஞ்சின் ஒன்று எடுத்துப் போடுவோம் என்கிறார்கள். உழவு மெசினும் தண்ணீர்ப் பம்பும் பிரித்துப் பூட்டியிருக்கிறேன், வாகன எஞ்சின் இதுதான் முதல். முடிந்த அளவு என் கையாலேயே செய்யத்தான் விருப்பம். சிறுபோக வெட்டு முடிந்துவிட்டது, பெரும்போக விதைப்புக்கு முன் வண்டி ஓட வேண்டும். எந்த வழியால் போகலாம்?

அக்கரைப்பற்று லேத் காக்கா:
தம்பி, எஞ்சின் மாற்றுவதா செய்வதா என்பதைக் கராஜ்காரர் வாயால் முடிவெடுக்காதீர்கள். சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கிற கொம்ப்ரஷன் கேஜ் சொல்லட்டும். எஞ்சினைச் சூடாக்கி, ஹீட்டர் பிளக் நான்கையும் கழற்றி, டீசல் பம்பில் இருக்கும் நிறுத்துகிற சொலினொயிட் வயரையும் கழற்றிவிட்டு ஒவ்வொரு சிலிண்டராகக் கேஜைப் பூட்டி, ஸ்டார்ட்டரால் சுற்றி அடித்துப் பாருங்கள். டொயோட்டா மெனுவல்படி நல்ல 2எல் சதுர சென்றிமீற்றருக்கு 32 கிலோ காட்ட வேண்டும். 20க்குக் கீழே போகக்கூடாது. ஒன்றுக்கொன்று வித்தியாசம் 5க்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் கொஞ்சமாக, ஒரு தேக்கரண்டிக்கு மேற்படாமல் ஒயில் விட்டுத் திரும்ப அடியுங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங், சிலிண்டர் தேய்மானம். ஏறாவிட்டால் வல்வையும் ஹெட் கஸ்கட்டையும் பாருங்கள். அதிகமாக ஊற்றிவிட வேண்டாம், டீசலில் பிஸ்டனுக்கு மேலே இடம் மிகக் குறைவு, பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கிற கொன்ரொட் வளைந்துவிடும்.

நீங்கள் சொல்கிற அடையாளம் எல்லாம் ரிங் பக்கம்தான் போகிறது. அப்படியானால் உங்கள் பிளொக்கையே செய்யுங்கள் என்றுதான் நான் சொல்வேன். கழற்றுவது, கழுவுவது, பூட்டுவது உங்கள் வேலை. அளப்பதும் வெட்டுவதும் லேத்துக்கடை வேலை. இந்தக் கோட்டைத் தாண்டாமல் இருந்தால் முதல் தடவைக்காரன் தாராளமாகச் செய்யலாம்.

கழற்றும்போது மெயின் பெயரிங் கெப், கொன்ரொட் கெப் எல்லாவற்றிலும் இலக்கமும் முன்பக்க அடையாளமும் இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் நீங்களே புள்ளி குத்துங்கள். இவை இடம் மாறினால் புதுப் பெயரிங் போட்டும் பிரயோசனம் இல்லை. பொல்ட்டுகளைப் பகுதி பகுதியாக யோகட் கப்பில் போட்டு எழுதி வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்டிக் கொண்டுவருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறும்.

ஹெட்டைத் தனியாகக் கொடுத்து வெடிப்புப் பார்க்கச் சொல்லுங்கள். சூடேறி ஓடின 2எல் ஹெட்டில் இரண்டு வல்வுக்கும் நடுவில் மயிரிழை மாதிரிக் கோடு விழும். கண்ணுக்குத் தெரியாது, சாயம் தடவினால்தான் தெரியும். தண்ணீர் குறையவில்லை என்பதற்காக இதை விட்டுவிடாதீர்கள்.

பலர் கவனிக்காத ஒன்று. இந்த எஞ்சினுக்கு ஹெட் கஸ்கட் மூன்று தடிப்பில் வரும்: பி, டி, எஃப். பிஸ்டன் மேலே வரும்போது பிளொக் மட்டத்துக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டு நிற்கிறது என்று டயல் கேஜில் அளந்துதான் எது என்று முடிவு. கடையில் தருவதை அப்படியே வாங்கிப் பூட்டினால் மெல்லிசு வந்து பிஸ்டன் தட்டலாம், தடிப்பு வந்து கொம்ப்ரஷன் குறையலாம். பிளொக் முகத்தை ஸ்கிம் பண்ணினால், அதாவது மட்டமாக மெல்லிசாய்ச் சீவினால், இந்த அளவு மாறும், திரும்ப அளக்க வேண்டும்.

டைமிங் பெல்ட் 100,000 கிலோமீற்றருக்கு ஒருதரம் மாற்றுவது. அது டீசல் பம்பையும் சேர்த்துத்தான் சுற்றுகிறது, அறுந்தால் வல்வு பிஸ்டனில் அடிக்கும். எஞ்சின் வெளியே இருக்கும்போதே பெல்ட், ரோலர், கிராங்க் சீல், கெம் சீல் எல்லாம் புதிதாகப் போடுங்கள். பழைய சீலில் ஒயில் கசிந்தால் புதுப் பெல்ட்டும் ஊறிப் போய்விடும்.

செங்கலடிக்காரன்:
காக்கா சொன்னதோடு நான் கடதாசிப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன். நான் 3எல் இறக்கினவன். கியர்பொக்ஸோடு சேருகிற கழுத்தும் மவுண்டும் அப்படியே உட்காரும், பழைய கியர்பொக்ஸே போதும். 2446 சீசீ போய் 2779 சீசீ வந்ததில் பிபிலைப் பக்கம் ஏற்றத்தில் வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் வாகனப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கமும் கொள்ளளவும் இருக்கிறது. அதை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் மாற்ற வேண்டும், இன்சூரன்சுக்கும் சொல்ல வேண்டும். கொழும்பில் நான் வாங்கின கடையில் கையால் எழுதின துண்டு மட்டும் தந்தார்கள். இறக்குமதிக் கடதாசிக்காக அலைந்த அலைச்சல் எஞ்சின் இறக்கின வேலையை விடப் பெரிது. கொழும்பில் பழைய உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைக்குப் போனால் ஒழுங்கான பில், சுங்கக் கடதாசிப் பிரதி, வெட்டித் தேய்க்காத இலக்கம், இந்த மூன்றும் இல்லாமல் காசைக் கொடுக்காதீர்கள். உங்கள் பிளொக்கையே செய்தால் இந்த வேலை ஒன்றும் இல்லை.

கொக்கட்டிச்சோலையான்:
இரண்டு பேருக்கும் மிக்க நன்றி. கேஜ் இரவல் வாங்கி அடித்தேன். முதலாவது 23, இரண்டாவது 22, மூன்றாவது 16, நான்காவது 23. மூன்றில் ஒயில் விட்டதும் 21க்கு ஏறியது. பிளொக்கைச் செய்வதென்று முடிவு. காக்கா, கிணற்றுத் தண்ணீர்தான் இவ்வளவு காலமும் ரேடியேட்டருக்கு ஊற்றினது, அதுவும் காரணமாக இருக்குமா? பூட்டின பிறகு முதல் ஸ்டார்ட் எப்படி?

அக்கரைப்பற்று லேத் காக்கா:
மூன்றாவது சிலிண்டரின் ரிங் போய்விட்டது தம்பி, மற்றவையும் கரையில்தான் நிற்கின்றன. சரியான முடிவு.

கிணற்று உப்புத் தண்ணீர் ஊற்றின பிளொக்கில் தண்ணீர்ப் பாதை முழுக்கத் துரு அடைத்திருக்கும், சூடேறுவதற்கு அதுவே போதும். பக்கத்துத் தட்டு மூடிகளைத் தட்டிக் கழற்றி உள்ளே சுரண்டிக் கழுவச் சொல்லுங்கள், ரேடியேட்டரையும் திறந்து கம்பி விட வேண்டும். இனிமேல் கூலன்ட் கலந்துதான்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் அந்தச் சொலினொயிட் வயரைக் கழற்றி வைத்தபடியே ஒயில் லைட் அணையும்வரை விட்டு விட்டுச் சுற்றுங்கள். பிறகு வயரைப் பூட்டி, ஃபில்டருக்கு மேலுள்ள கைப்பம்பால் காற்றை எடுத்துவிட்டு ஸ்டார்ட் பண்ணுங்கள். ஸ்டார்ட் ஆனதும் வீட்டு வாசலில் நிறுத்தி மணிக்கணக்காக ஓடவிடுவார்கள், அது ரிங் உட்காருவதற்குக் கூடாது. கசிவு பார்த்ததும் றோட்டில் எடுங்கள். கல்முனை, பொத்துவில் பக்கம் வெறும் வண்டியாக, வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடுங்கள். 1000 கிலோமீற்றருக்குள் ஒயிலும் ஃபில்டரும் மாற்றிவிட்டுப் பிறகு மூட்டை ஏற்றலாம்.

இப்போதைக்கு பிளொக்கையும் கிராங்கையும் சேர்த்தே லேத்துக்குக் கொண்டுபோங்கள். அளந்து, எத்தனை ஓவர்சைஸ், அதாவது எவ்வளவு பெரிய பிஸ்டன் என்று எழுதித் தருவார்கள். அந்தச் சைஸ் பிஸ்டன் கையில் வந்த பிறகுதான் சிலிண்டரைப் போர் பண்ணச் சொல்லுங்கள், பிஸ்டனை அளந்துதான் சிலிண்டரை வெட்ட வேண்டும். முதலில் வெட்டிவிட்டுப் பிஸ்டன் தேடுகிற இடமாக இருந்தால் வேறு லேத் பாருங்கள்.