பதிவிறக்கிய ஒலிநூல்கள் சிறிய எம்பி3 பிளேயரில் வரிசை மாறி ஓடுகின்றன; விட்ட இடமும் நினைவில் நிற்பதில்லை

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர். கும்பகோணத்தில் என் தாயாருடன் இருக்கிறார். கண்ணழுத்த நோயால் பார்வை குறைந்து, கடந்த ஓராண்டாக அவரால் அச்சுப் புத்தகம் படிக்க முடியவில்லை. தொடுதிரைக் கைப்பேசியைக் கொடுத்தால், "இந்த வழவழப்பில் எதைத் தடவி எதைக் கண்டுபிடிப்பது?" என்று திருப்பிக் கொடுத்துவிடுகிறார். எனவே உள்ளங்கையில் அடங்கும், அழுத்தினால் 'டக்' என்று ஒலிக்கும் பொத்தான்கள் கொண்ட ஒரு சாதாரண எம்பி3 பிளேயரை வாங்கினேன். தன்னார்வலர்கள் வாசித்த ஒலிநூல்களை இலவசமாகத் தரும் லிப்ரிவாக்ஸ் தளத்திலிருந்து அவருக்குப் பிடித்த பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கில நாவல்களை இறக்கி, என் தங்கை வாசித்துப் பதிவு செய்து அனுப்பிய தமிழ்க் கதைகளையும் சேர்த்து, ஒரு 64 ஜிபி மெமரி கார்டில் போட்டுக் கொடுத்துவிடலாம் என்பது என் திட்டம். அது எல்லா இடத்திலும் உதைக்கிறது.

கார்டைச் செருகினால் 'கார்டு இல்லை' என்றே திரை காட்டுகிறது. அதே கார்டு என் மடிக்கணினியில் ஒழுங்காகத் திறக்கிறது. சரி, பிளேயரின் சொந்த நினைவகத்திலேயே போடுவோம் என்று போட்டால், முழு நூலும் ஒரே கோப்பாக, எம்4பி என்ற பின்னொட்டோடு கிடைத்த நாவல் பட்டியலிலேயே தென்படவில்லை. எம்பி3 பகுதிகளாகக் கிடைத்த இன்னொரு நாவல் ஓடுகிறது, ஆனால் 12ஆம் பகுதியில் தொடங்குகிறது. முதல் பகுதி அதற்குப் பின்னால்தான் வருகிறது. கணினியில் பார்த்தால் வரிசை சரியாகவே இருக்கிறது. தங்கையின் கதைகளின் தமிழ்ப் பெயர்கள் வெறும் கட்டங்களாகத் தெரிகின்றன. அப்பாவுக்கு இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறை வேறொன்று: மத்தியானம் நிறுத்திவிட்டு மாலையில் போட்டால், சில நாள் விட்ட இடத்திலிருந்து ஓடுகிறது, சில நாள் அந்தப் பகுதியின் தொடக்கத்துக்கே போய்விடுகிறது.

பெட்டியின் மேல் எம்பி3, டபிள்யூஎம்ஏ, டபிள்யூஏவி ஆகிய மூன்று வடிவங்களை மட்டுமே அச்சிட்டிருக்கிறார்கள். வேறு கருவி வாங்குவதற்கு முன்னால், இதையே சரிக்கட்ட வழி உண்டா என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பதில்: பழைய வானொலி

கருவி பழுது என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் சொன்னவற்றில் பெரும்பாலானவை இந்த வகை மலிவு பிளேயர்களின் பிறவிக் குணங்கள். குணமறிந்து கோப்புகளை அடுக்கிக் கொடுத்தால் சொன்னபடி கேட்கும்.

கார்டு விஷயம் எளிது. கார்டில் கோப்புகளை அடுக்கி வைக்கும் முறைகள் பல உண்டு; 32 ஜிபி வரையிலான கார்டுகள் ஃபேட்32 அமைப்பிலும், அதற்கு மேற்பட்டவை எக்ஸ்ஃபேட் அமைப்பிலும் விற்பனைக்கு வருகின்றன. உங்கள் மடிக்கணினிக்கு இரண்டும் தெரியும். பிளேயருக்கு முதலாவது மட்டுமே தெரியும். தெரியாத அமைப்பைக் கண்டதும் கார்டே இல்லை என்று சொல்லிவிடுகிறது. தனி மென்பொருள் கொண்டு 64 ஜிபி கார்டையும் ஃபேட்32ஆக மாற்றலாம் என்றாலும் அந்தச் சிரமம் உங்களுக்குத் தேவையில்லை. லிப்ரிவாக்ஸ் தரும் 64 கேபிபிஎஸ் (விநாடிக்கு 64 கிலோபிட்) எம்பி3, ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 29 எம்பி இடம் பிடிக்கும். 32 ஜிபி கார்டில் ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் அடங்கும்; உங்கள் தந்தையார் தினமும் மூன்று மணி நேரம் கேட்டாலும் ஓராண்டு ஓடிவிடும். பாட்டுக்கு வேண்டுமானால் 64 கேபிபிஎஸ் போதாது; ஒரே ஒருவர் நிதானமாக வாசிக்கும் குரலுக்கு அது தாராளம்.

எம்4பி கோப்புக்குள் இருப்பது பெரும்பாலும் ஏஏசி என்ற வேறொரு வடிவத்து ஒலி, கூடவே அத்தியாயக் குறிகள். அதன் பின்னொட்டை எம்4ஏ என்று மாற்றினாலே பல கைப்பேசிகள் ஓட்டிவிடும். ஆனால் உங்கள் பெட்டியின் மேல் ஏஏசி இல்லாததால் அந்த வித்தை இங்கே பலிக்காது. எம்பி3 என்று பெயர் சூட்டினாலும் உள்ளே இருப்பது மாறப்போவதில்லை. எம்பி3யாக மாற்றித் தரும் மென்பொருள்கள் உண்டுதான், என்றாலும் அதே நூல் பகுதி பகுதியாக எம்பி3 வடிவில், ஒரே ஜிப் கோப்பில் அந்தத் தளத்திலேயே கிடைக்கும்போது மாற்றிக்கொண்டு உட்காருவது வீண் வேலை. ஜிப்பைக் கணினியிலேயே விரித்துவிட்டுப் பிறகு நகலெடுங்கள். நான் முதன்முதலில் ஜிப்பை அப்படியே கார்டில் போட்டுவிட்டு அரை நாள் விழித்திருக்கிறேன்.

வரிசைச் சிக்கல்தான் சுவையானது. கோப்புறையைத் திறக்கும்போதெல்லாம் கணினி பெயரைப் பார்த்து அடுக்கிக் காட்டுகிறது. மலிவு பிளேயர் அந்த வேலையைச் செய்வதில்லை. கோப்புகளின் பட்டியலான ஃபேட் அட்டவணையில் எது முதலில் எழுதப்பட்டதோ, அதுவே அதற்கு முதல் கோப்பு. பந்தியில் வந்து உட்கார்ந்த வரிசையில் இலை போடுமே தவிர, வயதைக் கேட்டு உட்கார வைக்காது. நீங்கள் எல்லாக் கோப்புகளையும் தேர்ந்தெடுத்துவிட்டு, 12ஆம் கோப்பின் மேல் சுட்டியை வைத்து இழுத்திருப்பீர்கள் என்று ஊகிக்கிறேன். சுட்டி எந்தக் கோப்பைப் பிடித்திருக்கிறதோ அதைத்தான் விண்டோஸ் முதலில் எழுதும். ஆகவே நூலுக்கு ஒரு கோப்புறை உண்டாக்கி, அனைத்தையும் தேர்ந்தெடுத்த பின், முதல் பகுதியைப் பிடித்து இழுத்து விடுங்கள். நடுவில் ஒரு கோப்பை அழித்துவிட்டு வேறொன்றைப் போட்டால், அது காலியான இடத்தில் போய் உட்கார்ந்து மறுபடியும் வரிசை குலையும். அப்படி நேரும்போது அந்தக் கோப்புறையையே நீக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது நல்லது. ஏற்கெனவே எழுதியதை அட்டவணையிலேயே அடுக்கித் தர விண்டோஸில் டிரைவ்சார்ட், லினக்ஸில் ஃபேட்சார்ட் என்ற இலவச மென்பொருள்கள் இருக்கின்றன. உங்கள் தங்கையின் கோப்புகளுக்கு 1, 2, 10 என்று எண் இட்டிருந்தால் 01, 02, 10 என்று மாற்றிவிடுங்கள். எழுத்தெழுத்தாக ஒப்பிடும் இடங்களில் பத்து இரண்டுக்கு முந்திக்கொள்ளும்.

தமிழ்ப் பெயர்களுக்கு, எம்பி3டேக் மென்பொருளில், கோப்புக்குள் தலைப்பு முதலிய விவரங்களை வைத்திருக்கும் ஐடி3 குறிப்புகளை 2.3 பதிப்பாக, யூடிஎஃப்-16 என்ற எழுத்துக் குறியாக்கத்தில் சேமித்துப் பாருங்கள்.

விட்ட இடம் மறப்பதற்கு என் யோசனை, பகுதிகள் எல்லாவற்றையும் ஒட்டி நூலையே ஒரே எம்பி3யாக்கிவிடுவது. வரிசைத் தொல்லையும் அத்தோடு ஒழியும்.

பதில்: மூன்றாம் சாமம்

பழைய வானொலி அவர்கள் சொன்னவற்றில் கடைசி யோசனையை மட்டும் தயவு செய்து பின்பற்ற வேண்டாம். தூக்கம் வராத இரவுகளில் இதே போன்ற ஒரு கருவியில்தான் நான் கேட்டுக்கொண்டிருந்தேன். பத்து மணி நேர நாவலை ஒரே கோப்பாக ஒட்டி வைத்திருந்ததில், ஆறாவது மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்து இடம் தொலைந்துபோன பிறகு, வேகமாக முன்னோட்டும் பொத்தானைக் கட்டைவிரல் வலிக்கும் வரை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறானது. என் கருவி, பொத்தானை நீண்ட நேரம் அழுத்தி முறையாக அணைத்தால் மட்டுமே இடத்தைக் குறித்து வைத்தது. இடைநிறுத்தத்தில் விட்டு அது தானாக அணைந்தாலோ, பேட்டரி தீர்ந்தாலோ குறிக்கவில்லை. உங்கள் தந்தையாருக்குச் சில நாள் சரியாகவும் சில நாள் தவறாகவும் ஓடுவதற்கு இந்த வேறுபாடு காரணமா என்று ஒரு நாள் சோதித்துப் பாருங்கள். இதை முழுதாக மாற்ற இயலாது என்பதால், தொலைந்தாலும் நட்டம் சிறிதாக இருக்கும்படி கோப்புகளைச் சிறிதாக்கினேன். எம்பி3டைரக்ட்கட் என்ற இலவச மென்பொருள், ஒலியை மறுபடி குறியாக்காமல், அதாவது தரம் குறையாமல், எம்பி3யை வெட்டித் தரும். நாற்பது நிமிடப் பகுதியைப் பத்துப் பத்து நிமிடமாக நறுக்கிவிட்டால், இடம் போனாலும் அதிகம் போனால் பத்து நிமிடம்தான். அடுத்த கோப்புக்குத் தாவ ஓர் அழுத்தம் போதும்.

தமிழ்ப் பெயர் பற்றியும் ஒரு திருத்தம். குறியாக்கத்தை எப்படி மாற்றினாலும், கருவிக்குள் தமிழ் எழுத்துருவே இல்லையென்றால் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். ஒரே ஒரு கோப்பில் சோதித்துவிட்டு, தெரியவில்லையென்றால் ஆங்கில எழுத்துகளிலேயே பெயர் வைத்துவிடுங்கள். எப்படியும் உங்கள் தந்தையார் அந்தத் திரையைப் பார்க்கப் போவதில்லையே.

பதில்: வெண்கோல்

நான் பிறவியிலேயே பார்வையற்றவன். ஒலிநூல்களோடு இருபது ஆண்டுப் பழக்கம் உண்டு. மேலே இருவரும் கோப்புகளைப் பற்றிச் சொல்லிவிட்டார்கள். நான் கையைப் பற்றிச் சொல்கிறேன்.

ஓட்டு, நிறுத்து இரண்டுக்கும் பொதுவான பொத்தானின் மேல் கல் வைத்த ஸ்டிக்கர் பொட்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள். விரல் அதைக் கண்டுபிடித்துவிட்டால் மற்ற பொத்தான்களின் இடம் தானாகப் பிடிபடும். ஒவ்வொரு நூலின் கோப்புறையிலும் முதல் கோப்பாக, உங்கள் குரலிலோ உங்கள் தாயார் குரலிலோ நூலின் பெயரையும் மொத்தப் பகுதிகளையும் பத்து விநாடி சொல்லிப் பதிவு செய்து வையுங்கள். திரையைப் படிக்க இயலாதவருக்கு எந்த நூலில் இருக்கிறோம் என்று தெரிவதற்கு இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. நறுக்கிய கோப்புகளின் தொடக்கத்தில் "ஏழு, இரண்டு" என்று அத்தியாய எண்ணும் துண்டு எண்ணும் சொல்லி ஒட்டினால் இன்னும் நல்லது. பொறுமை இருந்தால் செய்யுங்கள்.

பின்னாளில் கருவி மாற்றுவதானால் இரண்டு திசைகள் உண்டு. ராக்பாக்ஸ் என்ற கட்டற்ற மென்பொருளைச் சில பழைய பிளேயர்களில் நிறுவலாம். அது பட்டியல்களைக் குரலில் படிக்கும், நிறுத்தும்போது தானாகப் புத்தகக்குறி வைக்கும். ஆனால் அந்தக் கருவிகளில் பல இப்போது பழையனவாகத்தான் கிடைக்கும். மற்றொன்று டெய்சி பிளேயர். பார்வைக் குறைபாடு உடையோருக்கென்றே உருவான டெய்சி வடிவத்தில், அத்தியாயம், உட்பிரிவு, பக்கம் என்று படிப்படியாகத் தாவலாம். உங்கள் தந்தையாரின் பார்வைக் குறைவுக்கு மருத்துவச் சான்று இருக்குமானால், 2016ஆம் ஆண்டு ஆகஸ்டில் தொடங்கப்பட்ட சுகம்யா புஸ்தகாலயா என்னும் இணைய நூலகத்தில் அவரைப் பதிவு செய்ய முயலுங்கள். அச்சைப் படிக்க இயலாதோருக்கென உள்ள நூலகம் அது, இந்திய மொழி நூல்களும் இருக்கின்றன. கட்டணச் செயலிகளில் வாங்கும் ஒலிநூல்களை நம்பி மட்டும் இந்தப் பிளேயரை வைத்திருக்காதீர்கள். அவற்றில் பல பூட்டிய கோப்புகள்; அந்தந்தச் செயலிக்கு வெளியே ஓடாது.

காவிரிக்கரை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. செய்ததைத் தெரிவித்துவிடுகிறேன், இதே சிக்கலோடு வருகிறவர்களுக்குப் பயன்படலாம்.

32 ஜிபி கார்டைச் செருகியதும் பிளேயர் உடனே ஏற்றுக்கொண்டது. 12ஆம் கோப்பைப் பிடித்து இழுத்தேனா என்று எனக்கு நினைவில்லை; ஆனால் முதல் கோப்பைப் பிடித்து இழுத்த பின் வரிசை சரியாகிவிட்டது. தமிழ் எழுத்துரு இல்லை என்பது உறுதியானதால் பெயர்களை ஆங்கில எழுத்துகளுக்கு மாற்றிவிட்டேன். இடம் மறப்பதற்குக் காரணம் மூன்றாம் சாமம் அவர்கள் சொன்னதேதான்: அப்பா இடைநிறுத்தத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிடுவார், கருவி தானாக அணைந்துவிடும். நீண்ட நேரம் அழுத்தி அணைக்கப் பழக்கியிருக்கிறேன். மறக்கும் நாள்களுக்காகப் பத்து நிமிடத் துண்டுகளும் இருக்கின்றன. பொட்டு என் தாயாரின் அட்டையிலிருந்து வந்தது. நூலின் பெயரைச் சொல்லும் குரலும் அவருடையதே. ஆங்கிலப் பெயரை அவர் உச்சரிக்கும் விதத்தை அப்பா ஒவ்வொரு முறையும் திருத்திக்கொண்டிருக்கிறார்.

ஒரே ஒரு சிறு கேள்வி மிச்சம். ஒவ்வொரு அத்தியாயத்தின் தொடக்கத்திலும், இது லிப்ரிவாக்ஸ் பதிவு, பதிப்புரிமைக் கட்டுப்பாடின்றிப் பொதுவில் உள்ளது என்னும் அறிவிப்பு வருகிறது. அப்பா அதை வாசிப்பவரோடு சேர்ந்தே ஒப்பிக்கத் தொடங்கிவிட்டார். அதை வெட்டிவிடலாமா?

பதில்: பழைய வானொலி

தாராளமாக வெட்டலாம், அந்தப் பதிவுகள் பொதுவில்தான் இருக்கின்றன, வீட்டில் கேட்பதற்கு எந்தத் தடையும் இல்லை. மூன்றாம் சாமம் அவர்கள் சொன்ன அதே வெட்டு மென்பொருளில், ஒலி அலையைப் பெரிதாக்கிப் பார்த்தால் அறிவிப்புக்கும் கதைக்கும் நடுவே ஒரு சிறு இடைவெளி தட்டையாகத் தெரியும்; அங்கே வெட்டுங்கள். வாசித்த தன்னார்வலரின் பெயர் சொல்லப்படும் முதல் அத்தியாயத்தில் மட்டும் விட்டுவையுங்கள். ஒரே கோப்பாக ஒட்டச் சொன்ன என் யோசனையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்; என் கருவி இடத்தை மறப்பதில்லை, அதனால் எனக்கு அந்த வலி தெரியாமல் போயிற்று.