எலும்புக்கு நைட்ரிக்கா, இடிடிஏவா?

மைக்ரோடோம் மணி:
ஸ்லைடுக்கு எலும்பைச் சீவ வேண்டுமானால் முதலில் அதிலுள்ள கால்சியத்தை எடுக்க வேண்டும். புதிதாக வரும் பிள்ளைகள் அதற்கு எந்த எலும்பு என்றாலும் இடிடிஏ என்ற ரசாயனக் கரைசல்தான் என்கிறார்கள். தொடை எலும்புத் தலையை அதில் போட்டால் வாரக்கணக்கில் கிடக்கும். ரிப்போர்ட் எங்கே என்று வார்டிலிருந்து போன் வந்தால் யார் பதில் சொல்வது? மெல்லிய துண்டாக அறுத்து 5 சதவீத நைட்ரிக் ஆசிட்டில் ஒன்றிரண்டு நாள் வையுங்கள். வாழைப்பழத்தில் ஊசி இறங்குகிற மாதிரி பிளேடு இறங்கும்.

பத்தாலஜி பிஜி:
பிளேடு இறங்கும் அண்ணே, ஸ்லைடில் என்ன தெரியும்? போன மாதம் ஒரு முதுகெலும்பு பயாப்சி. வெள்ளிக்கிழமை ஆசிட்டில் போட்டவர் திங்கட்கிழமைதான் எடுத்தார். எல்லாம் ஒரே ரோஸ். எலும்புச் செல் உட்காரும் குழி தெரிகிறது, உள்ளே உட்கருவின் நீலம் இல்லை. டிஎன்ஏவை ஆசிட் தின்றுவிட்டால் ஹெமடாக்சிலின் என்ற நீலச் சாயம் எதைப் பிடித்துக்கொள்ளும்? வேறு துண்டும் இல்லை.

மைக்ரோடோம் மணி:
அது ஆசிட் செய்த தப்பா, வீட்டுக்குப் போன ஆள் செய்த தப்பா? கால்சியம் தீர்ந்ததா என்று தினமும் பார்க்க வேண்டாமா? துண்டு ஊறிய திரவத்தில் 5 மில்லி எடுங்கள். லிட்மஸ் தாள் நீலமாகும்வரை அம்மோனியா விடுங்கள். அப்புறம் அம்மோனியம் ஆக்சலேட் 5 மில்லி. கலங்கினால் சுண்ணாம்பு இன்னும் வருகிறது, திரவத்தை மாற்றுங்கள். அரை மணி நேரம் தெளிவாகவே நின்றால் எடுத்துக் கழுவுங்கள். ஊசியால் குத்திப் பார்ப்பதை மட்டும் விடுங்கள். அந்த ஓட்டையை ஸ்லைடிலேயே பார்த்திருக்கிறேன்.

பாரஃபின் பாண்டி:
நடுவில் பார்மிக் ஆசிட் இருப்பதை இரண்டு பேருமே மறந்துவிட்டீர்களே. 10 சதவீதம் போதும். சில நாள் கூடுதலாகும், ஆனால் நைட்ரிக் அளவுக்கு உட்கருவைக் கெடுக்காது. துண்டைத் துணியில் கட்டித் திரவத்தின் நடுவில் தொங்க விடுவோம். எதுவானாலும் துண்டு கெடாமலிருக்க முதலில் பார்மலினில் நன்றாக ஊறியிருக்க வேண்டும்.

பத்தாலஜி பிஜி:
வழக்கமான ஸ்டெயினுக்கு பார்மிக் சரி. மார்பகப் புற்று எலும்புக்குப் பரவிய கேஸ் வந்தால்? எந்த மருந்து கொடுக்கலாம் என்று பார்க்க ஈஸ்ட்ரோஜன் ரிசெப்டர், ஹெர்-2 சோதனைகள் கேட்பார்கள். ஆசிட் பட்ட துண்டில் நெகட்டிவ் வந்தால், கட்டியே அப்படியா, ஆசிட்டின் கைவரிசையா? கிடைக்க வேண்டிய மருந்து நோயாளிக்குக் கிடைக்காமல் போகலாம். இடிடிஏ அரிப்பதில்லை, கால்சியத்தைக் கவ்வி எடுக்கிறது. பிஹெச் 7.4 பக்கம், அதாவது அமிலத்தன்மை இல்லாமல், வைத்தாலே வேலை செய்யும், மெதுவாக. தொடை எலும்புத் தலையை அதில் போடச் சொல்லவில்லை அண்ணே. ஊசி பயாப்சி மெல்லியதுதானே, அத்தனை நாள் ஆகாது.

மைக்ரோடோம் மணி:
சரி டாக்டர், பயாப்சிக்குத் தனி டப்பா வைக்கிறேன். ஆனால் என்ன கேஸ் என்று படிவத்தில் எழுதினால்தானே தெரியும்? ‘எலும்பு’ என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்புகிறீர்கள்.

பத்தாலஜி பிஜி:
அதை சர்ஜன்களிடம் கேளுங்கள். எழுதாமல் வருகிற ஊசி பயாப்சி எல்லாமே இடிடிஏவுக்குப் போகட்டும்.

பாரஃபின் பாண்டி:
வெள்ளிக்கிழமை வருவது?

மைக்ரோடோம் மணி:
ஞாயிற்றுக்கிழமை யார் டியூட்டி என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.