ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப்: செடிவேலி பிழைத்தது, வாடகை?

கோடைமழை:
லண்டனில் பெண் பிள்ளை வைத்திருக்கும் தமிழ்ப் பெற்றோருக்கு ஹென்ரியெட்டா பார்னெட் என்றால் ஒரு கிராமர் ஸ்கூல், ஒரு நுழைவுத் தேர்வு, அவ்வளவுதான். பள்ளியைச் சுற்றியிருக்கும் ஹாம்ப்ஸ்டெட் கார்டன் சபர்ப் என்ற குடியிருப்பை உண்டாக்கியவர் அந்தப் பெயருக்குரிய அம்மையார்தான் என்பது பலருக்குத் தெரியாது. அவரும் பாதிரியாரான அவர் கணவரும் கிழக்கு லண்டனின் ஒயிட்சேப்பலில் ஏழைகள் நடுவே வேலை செய்தவர்கள்; 1884இல் டாய்ன்பீ ஹால் என்ற சமூக சேவை மையத்தைத் தொடங்கியவர்கள். பிறகு பக்கத்துக் கோல்டர்ஸ் கிரீனுக்கு ட்யூப் ரயில் வரப்போகிறது என்று தெரிந்ததும், ஹாம்ப்ஸ்டெட் ஹீத் என்ற பெரிய திறந்தவெளியை ஒட்டிய வயல்கள் எல்லாம் வரிசை வீடுகளாகிவிடும் என்று அம்மையார் ஆள் திரட்டினார். 80 ஏக்கர் திறந்தவெளியாகவே தப்பியது. ஈட்டன் கல்லூரியிடம் இருந்த மீதி 243 ஏக்கரை வாங்கி, 1907இல் கட்டத் தொடங்கினார்கள்.

திட்டம் போட்டுக் கட்டிய இடத்துக்கு உயிர் வராது என்று இங்கே அடிக்கடி எழுதுகிறவர்கள் ஒரு மாலை அங்கே நடந்துவிட்டு வந்து பேசட்டும். செங்குத்தான ஓட்டுக் கூரை, உயரமான புகைபோக்கி, மதிலே இல்லாமல் செடிவேலி. நூறு வருடம் கழித்தும் கலையவில்லை.

வாடகைக்காரன்:
அழகு இல்லை என்று யார் சொன்னது, அக்கா? அந்த அம்மையார் அழகுக்காக மட்டும் கட்டவில்லையே. எல்லா வகுப்பு மக்களும் அங்கே இருக்க வேண்டும், வாரக்கூலிக்காரரும் வரும்படி நிலவாடகை குறைவாக இருக்க வேண்டும், காடும் தோட்டமும் வாடகை வித்தியாசம் பாராமல் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும்: இதெல்லாம் அவரே எழுதி வைத்த நோக்கங்கள். தொழிலாளருக்கென்று அஸ்மன்ஸ் பிளேஸ் பக்கம் கட்டிய அந்தச் சின்ன வீடுகளை இன்று ஒரு பஸ் டிரைவரால் வாங்க முடியுமா? தோற்றம் நிற்கிறது, நோக்கம் போய்விட்டது. அதை வெற்றி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

செங்கல்சூளை:
நான் கட்டடக்கலை படித்தவன், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த இடத்தை வெறும் பழைய பாணி வீடுகளாகப் பார்ப்பது பாதிதான். அந்தக் காலத்து பை-லா விதிகள், அதாவது உள்ளூராட்சிக் கட்டட விதிகள், சுகாதாரத்துக்காக வந்தவை; அகலமான, நேரான, முழுக்கத் தளம் போட்ட தெருக்களைக் கேட்டன. ஒவ்வொரு தெருவுக்கும் செலவு ஏறும், அதை ஈடுகட்ட வீடுகளை நெருக்குவார்கள். கட்டடக்கலைஞர் ரேமண்ட் அன்வின் இந்த ஊருக்குப் போட்ட திட்டம் அந்த விதிக்குள் அடங்காது என்பதால், 1906இல் பாராளுமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். குறுகிய சாலை போடலாம், முட்டுச்சந்து விடலாம். பதிலுக்கு ஏக்கருக்குச் சராசரி 8 வீடுதான், எதிரெதிர் வீடுகளுக்கு நடுவே குறைந்தது 50 அடி. சாலையில் மிச்சமான பணமும் இடமும் தோட்டத்துக்குப் போயின. நெருக்கிக் கட்டினால் லாபமில்லை என்று அன்வின் 1912இல் கணக்குப் போட்டு ஒரு சிறுநூலே வெளியிட்டார்.

இனி வாடகைக்காரன் தம்பிக்கு. தொழிலாளர் வீடுகள் எப்படி இருக்க வேண்டும் என்று 1918இல் வந்த டியூடர் வால்டர்ஸ் என்ற அரசு அறிக்கையில் அன்வின் கை பெரிது. நகரத்தில் ஏக்கருக்கு 12 வீடு, முன்னும் பின்னும் தோட்டம் என்ற அளவு அதில் இருந்துதான். அடுத்த வருடம் அடிசன் சட்டம் வந்து கவுன்சில்கள் அந்த மாதிரியில் வீடு கட்ட ஆரம்பித்தன. கோல்டர்ஸ் கிரீன் பக்கம் ஏழைகள் இல்லையே என்று மட்டும் பார்த்தால், நாடு முழுக்க எழுந்த வீடுகள் கணக்கில் வராமல் போகின்றன.

நல்லூரான்:
நான் உந்தப் பக்கம் பல வருசம் வேலைக்குப் போய் வந்தவன். ஒரு விசயத்தை ஒருவரும் கதைக்கவில்லை. நடுவில் இருக்கிற சென்ட்ரல் ஸ்குவேரில் இரண்டு பெரிய தேவாலயம், பள்ளிக்கூடம், புல்வெளி. ஒரு தேத்தண்ணிக் கடை கிடையாது. பப்பும் கிடையாது, அம்மையாருக்குக் குடி பிடிக்காது. கோயில் மணி அடிக்கவும் தடை! புது டெல்லியைத் திட்டமிட்ட அதே லட்யன்ஸ்தான் அந்தச் சதுக்கத்தையும் வடிவமைத்தவர். பார்த்தால் தெரியும், கம்பீரம் இருக்கிறது, ஆள் இல்லை.

கோடைமழை:
நல்லூரான் அண்ணா, அமைதி வேண்டித்தானே அப்படிச் செய்தார்கள்? சந்திக்க இடமே இல்லை என்று சொல்ல முடியாது. வில்லிஃபீல்ட் கிரீனில் கிளப் ஹவுஸ் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் குண்டு விழுந்து போனது. வேலைக்குப் போகும் தனிப் பெண்களுக்கென்று 1909இல் வாட்டர்லோ கோர்ட் கட்டினார்கள்: நடுவில் முற்றம், சுற்றிலும் வளைவுத் தாழ்வாரம், பொதுச் சாப்பாட்டுக்கூடம். அந்தக் காலத்தில் வேறு எந்த பில்டர் இவர்களை நினைத்தான்?

வாடகைக்காரன்:
நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. ஆனால் இந்த ஊரின் தோற்றத்தைப் பழைய ஆங்கில "மரபு" என்று கொண்டாடுவதைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளலாம். ஹீத் பக்கம் நிற்கும் அந்தப் பெரிய செங்கல் மதில் ஜெர்மனியின் ரோதன்பர்க் ஊரைப் பார்த்து வந்த யோசனை. ஊரின் ஓரத்தில் டெம்பிள் ஃபார்ச்சூன் கடைக் கட்டடங்களிலும் அதே ஜெர்மன் சாயல். ஒரே நேரத்தில் கட்டிவிட்டு நூற்றாண்டுகளாக வளர்ந்த கிராமம் போலக் காட்டுவதில் ஒரு நாடகம் இருக்கிறது.

செங்கல்சூளை அண்ணா சொன்ன அன்வின் கணக்கை ஒப்புக்கொள்கிறேன். என் கேள்வி வேறு. இரண்டு வகை விதிகள் இருந்தன: செடிவேலி பற்றியது ஒன்று, வாடகை பற்றியது இன்னொன்று. 1967 சட்டம் குத்தகைக்காரர்கள் நிலத்தையே வாங்கிக்கொள்ள வழி விட்டது. உடனே ஊரின் தோற்றம் கெட்டுவிடும் என்று பதறி, 1974இல் உயர் நீதிமன்றம் வரை போய் ஒரு நிர்வாகத் திட்டத்துக்கு ஒப்புதல் வாங்கினார்கள். அதனால் இன்றும் சொந்த வீட்டின் ஜன்னலை மாற்ற, முன்தோட்டத்தில் கார் நிறுத்தத் தளம் போட, ஊரை நிர்வகிக்கும் டிரஸ்ட்டிடம் அனுமதி கேட்க வேண்டும். வாடகையைக் காப்பாற்ற இப்படி யார் நீதிமன்றம் போனார்கள்?

செங்கல்சூளை:
எதிலிருந்து காப்பாற்றுவது? நான் சொன்ன கவுன்சில் வீடுகளிலேயே பல 1980 சட்டத்துக்குப் பிறகு குடியிருந்தவர்களுக்கு விற்கப்பட்டன. இது நாட்டுக் கொள்கை, ஒரு குடியிருப்பு டிரஸ்ட்டின் தலையில் கட்டக் கூடாது. அந்த 1974 திட்டம் இல்லையென்றால் ஒவ்வொரு வீட்டு முன்னும் கான்கிரீட் போட்டு, வேலியைப் பிடுங்கி, இந்த விவாதத்துக்கே பொருள் இருந்திருக்காது.

வாடகைக்காரன்:
நாட்டுக் கொள்கையோடு முடிந்துவிடவில்லை. 1903இல் தொடங்கிய லெட்ச்வொர்த் என்ற தோட்ட நகரத்தைப் பாருங்கள், அதே அன்வினும் அவர் கூட்டாளி பார்க்கரும் திட்டமிட்டது. அதன் நிலச் சொத்து கைமாறப் போன நேரத்தில் 1962இல் தனிச் சட்டம் போட்டுப் பொதுக் கழகத்திடம் கொடுத்தார்கள்; 1995 முதல் ஒரு அறக்கட்டளையிடம் இருக்கிறது. கடை, தொழிற்கூட வாடகை இன்றும் ஊருக்கே செலவாகிறது.

செங்கல்சூளை:
லெட்ச்வொர்த்தில் வீடும் மலிவு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆனால் நல்ல உதாரணம், அதிலேயே பதிலும் இருக்கிறது. அங்கே தொழிற்சாலைகள் இருந்தன. ஸ்பைரெல்லா என்ற கார்செட் கம்பெனியின் கட்டடம் இன்றும் நிற்கிறது. அந்த வருமானம்தான் அறக்கட்டளையின் முதுகெலும்பு. கார்டன் சபர்ப்போ பெயரிலேயே சபர்ப். ஆண்கள் ட்யூப் ஏறி வேலைக்குப் போய்வர வேண்டிய இடம். கடைகளை ஓரத்துக்குத் தள்ளி, தொழிலை உள்ளே விடாமல் கட்டிய ஊரில், குறைந்த வாடகையைத் தாங்க வேறு பணம் எங்கிருந்து வரும்?

நல்லூரான்:
அதைத்தான் தேத்தண்ணிக் கடை இல்லை என்று நான் முதலே சொன்னேன், தம்பி.

கோடைமழை:
சரி, ட்யூப் பேச்சு வந்ததால் ஒன்று. ஹீத்துக்கு அந்தப் பக்கம் நார்த் எண்ட் என்ற இடத்தில் பிளாட்பாரம் வரை கட்டிவிட்டுத் திறக்காமலே கைவிட்ட ஒரு ஸ்டேஷன் இருக்கிறது. சுற்றியிருந்த நிலத்தில் வீடு வராமல் காத்துவிட்டதால் ஏற ஆளில்லை என்று விட்டுவிட்டார்கள். அந்த ஸ்டேஷன் திறந்திருந்தால் வாடகைக்காரன் கேட்கும் மலிவு வீடுகள் அங்கே வந்திருக்குமா, இல்லை அதுவும் இன்று இதே விலைதானா?

வாடகைக்காரன்:
இதே விலைதான், அக்கா. 80 ஏக்கரை விட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று நான் கேட்கவே இல்லை. 243 ஏக்கரைப் பற்றித்தான் என் சண்டை.