மூன்று காங்காக்களுக்குச் சுருதி சேர்ப்பது: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: மாமா, வணக்கம். கையால் வாசிக்கும் உயரமான கியூப முழவுகளான காங்காக்களில், நடுத்தொனியுள்ள காங்காவும் தாழ்ந்த தொனியுள்ள தும்பாவும் ஏற்கெனவே என்னிடம் உள்ளன. அவற்றோடு சேர்த்து வாசிக்க, உயர்ந்த தொனியுள்ள பழைய கின்டோ ஒன்றை வாங்கியிருக்கிறேன். ஒவ்வொன்றும் தனியாக நன்றாக ஒலிக்கிறது. ஆனால் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கை மாறும்போது ஒலிகள் ஒட்டவில்லை. எதை எந்தச் சுருதியில் வைக்க வேண்டும், எப்படி நிறுத்த வேண்டும் என்று நேரம் கிடைக்கும்போது எழுதுங்கள்.

பெரிய மாமா: மிக்க மகிழ்ச்சி, மருமகனே. கியூபாவின் ஆடல்-பாடல் வகையான ரும்பாவில் இவற்றை மூன்று பேர் ஆளுக்கு ஒன்றாக வாசிப்பார்கள். அடித்தொனி உள்ளது தாளத்தைத் தாங்கும், நடுவிலுள்ளது அதற்கு விடை சொல்லும், கின்டோ மட்டும் ஆடுபவரின் அசைவைப் பார்த்து மனோதர்மமாகப் பேசும். ஒருவரே பல காங்காக்களை முன்னால் வைத்து வாசிப்பது பின்னால் வந்த வழக்கம். அதற்குப் பாதை போட்ட கியூபக் காங்கா கலைஞர் கேண்டிடோ கமேரோ (1921–2020) மூன்றையும் வெவ்வேறு சுரங்களில் நிறுத்தி மெட்டே வாசித்தார். ஆகவே மூன்று வாத்தியங்களுக்குச் சுருதி சேர்ப்பதாக எண்ணாதே; மூன்று வாயுள்ள ஒரே வாத்தியத்துக்குச் சேர்ப்பதாக எண்ணு.

பெரிய மாமா: முதலில் நடுக் காங்காவை எடுத்துக்கொள், ஏனெனில் உன் கை அதிகம் இருக்கப்போவது அதில்தான். அதை 1 கட்டையில் (ஆர்மோனியத்தின் C சுரத்தில்) ஷட்ஜமாக வை. தும்பாவை அதற்குக் கீழுள்ள பஞ்சமத்துக்கு, அதாவது 5 கட்டைக்கு இறக்கு. கின்டோவை மேலே அந்தர காந்தாரத்துக்கு, 3 கட்டைக்கு ஏற்று. இது பலரும் பின்பற்றும் அமைப்பு. தும்பாவோ என்னும் அடிப்படை நடையில் நான்காம் எண்ணிக்கையில் விழும் இரண்டு திறந்த அடிகளை (தோலை அமுக்காமல் நாதத்தை ஒலிக்கவிடும் அடிகளை) காங்காவிலிருந்து தும்பாவுக்கு மாற்றும்போது, கீழ்ப் பஞ்சமம் இருந்தால்தான் நடைக்கு அடித்தளம் கிடைக்கும்.

அக்கா: மாமா, நான் 5½ கட்டையில் பாடுபவள். தம்பி என்னோடு வாசித்தால் அது என் சுருதியோடு மோதாதா?

பெரிய மாமா: நல்ல கேள்வி, அம்மா. திறந்த அடியின் நாதம் விரைவில் அடங்கிவிடுவதால், பாட்டுக்குப் பாட்டு சுருதி மாறும் குழுவில் காங்காவைத் தொடாமல் விட்டுவிடலாம். ஆனால் மாலை முழுவதும் ஒரே தம்பூராவுக்குப் பாடும்போது அரைக் கட்டை வித்தியாசம் என் காதை நிச்சயமாக உறுத்தும். அப்போது மூன்றையும் சேர்த்து அரைக் கட்டை ஏற்றினால், தும்பா உன் ஷட்ஜத்திலும் காங்கா சுத்த மத்யமத்திலும் கின்டோ சதுச்ருதி தைவதத்திலும் நிற்கும்.

நான்: திருகுகளை எந்த முறையில் முடுக்குவது, மாமா? கைப்பேசியில் சுருதி காட்டும் செயலியை வைத்துக்கொள்ளலாமா?

பெரிய மாமா: வைத்துக்கொள், ஆனால் தீர்ப்பைக் காதிடம் விடு; தோலில் எழும் மேற்சுரங்களைப் பிடித்துக்கொண்டு செயலி தடுமாறும். எல்லாத் திருகுகளையும் தளர்த்தி, இரும்பு வளையம் சுற்றிலும் ஒரே மட்டத்தில் உட்கார்ந்திருக்கிறதா என்று பார். பிறகு ஒவ்வொரு திருகையும் அரைச் சுற்றுக்கு மேல் போகாமல் முடுக்கிக்கொண்டே வட்டமாக வா. ஒரு திருகை மட்டும் ஒரேயடியாக இறுக்கினால் வளையம் சாயும், தோலும் ஒருபக்கமாக இழுபடும். ஒவ்வொரு திருகுக்கும் அருகே விரலால் தட்டி, ஒரே சுரம் வருகிறதா என்று கேள். கடைசியில் விளிம்போரத் திறந்த அடியில்தான் சுருதியைச் சரிபார்க்க வேண்டும்; ஸ்லாப் என்னும் சுள்ளென்ற அடியில் சுரம் தெளிவாகக் கேட்காது.

அம்மா: அண்ணா, மழைக்காலத்தில் இவன் தோலை வெயிலில் காயவைக்கலாமா என்று கேட்கிறான்.

பெரிய மாமா: வேண்டவே வேண்டாம். மரமும் பிளக்கலாம், தோலும் கிழியலாம். திருகு இல்லாத காலத்தில், தோலை ஆணியடித்துப் பொருத்திய காங்காவை, பறையை வாட்டுவதுபோல் தீயருகே காட்டித்தான் சுருதி ஏற்றினார்கள். காங்கா கலைஞர் படாடோ வால்டெஸ் போன்றவர்கள் முன்னின்று திருகு முறையை வளர்த்தெடுத்த பிறகு அந்த அவசியம் நீங்கிவிட்டது. ஈரத்தில் தோல் தளரும், குளிரூட்டிய அரங்கில் உலர்ந்து ஏறும். இரண்டுக்கும் ஸ்பேனர் போதும். வாசித்து முடித்ததும் எல்லாத் திருகுகளையும் ஒரே அளவு தளர்த்திவிடு. மறுநாள் அதே அளவு முடுக்கினால் சுருதிக்கு அருகில் வந்து நிற்கும்.

நான்: இடம் வைப்பது பற்றியும் சொல்லுங்கள், மாமா.

பெரிய மாமா: நீ வலக்கைக்காரன். காங்கா முழங்கால்களுக்கு நடுவே, தும்பா வலப்பக்கம், கின்டோ இடப்பக்கம். உட்கார்ந்து வாசித்தால் காங்காவைச் சற்று முன்னே சாய்த்து, அடிவாய் தரையிலிருந்து விலகியிருக்கும்படி பிடி. தரையோடு ஒட்டி நின்றால் உள்ளங்கை அடியின் கனம் வெளியே வராது. மற்ற இரண்டையும் தாங்கியில் உயர்த்தி, மூன்று வாய்களையும் ஏறத்தாழ ஒரே மட்டத்துக்குக் கொண்டு வா. தோளைத் திருப்பாமல் முன்கை மட்டும் நகர்ந்து எட்டும் தூரமே சரியான தூரம்.

நான்: மாமா, இப்போது முயன்று பார்த்தேன். காங்காவும் தும்பாவும் சொன்ன இடத்தில் நின்றுவிட்டன. கின்டோ 2½ கட்டையைத் தாண்டியதும் தோலில் முறுகும் சத்தம் கேட்கிறது; வளையத்தின் ஓரத்தில் மெல்லிய வெடிப்பும் தெரிகிறது.

பெரிய மாமா: அங்கேயே நிறுத்து, ஒரு திருகைக்கூட மேலே தொடாதே. கின்டோவை 2½ கட்டைக்கே இறக்கிவிட்டு, காங்காவை 1 கட்டைக்குக் கீழே உள்ள 7 கட்டைக்கும் தும்பாவை 4½ கட்டைக்கும் இறக்கு. உறவு மாறாத வரை நடை கெடாது.

அக்கா: அப்படியானால் என் கச்சேரிக்கு அரைக் கட்டை ஏற்ற வேண்டுமே, மாமா?

பெரிய மாமா: உன் கச்சேரிக்கு 5½ கட்டையில் தும்பாவும் 1½ கட்டையில் காங்காவும் மட்டும் வரட்டும். கின்டோவுக்குப் புதுத் தோல் போட்டு, அது சில நாள் இழுபட்டு நிலைத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம். தோல் வாங்கப் போகும்போது வாயின் அளவை எடுத்துக்கொண்டு போ, மருமகனே. கின்டோவுக்கு மெல்லிய தோலாகவே கேள்.